கைண்ட்லி சாரும் குடியாத்தம் பஸ்ஸும்

ஆம்பூரில் ஜெயகரன் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். 'கைண்ட்லி சார்' என்று கேட்டால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். எங்கள் தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் கரஸ்பாண்டன்ஸ் கிளார்க்காக இருந்தவன். அவன் மேஜைக்கு எதிர் மேஜை என்னுடையது. நான் ஷிப்பிங் செக்‌ஷன், பெயர் முனீர் அகமது. இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து ஒரே மாதம் ரிட்டயர் ஆனவர்கள். அதனால் அவனைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. திட்டவும் உண்டு.

போன ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் அவன் மகள் ஷர்மிளாவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. எல்லா உறையிலும் அவனுடைய அச்சடித்தது போன்ற கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது. ஒரே ஒரு உறை மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இது யாருக்கு?"

"அக்காவுக்கு" என்றான்.

அவன் அக்கா ஹெலன் அவனோடு பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இருப்பது ஒன்றும் அமெரிக்காவில் இல்லை. குடியாத்தத்தில். ஆம்பூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அவன் மனைவி ஹெப்சியோடு போனில் பேசுவார், ஷர்மிளாவுக்குப் பிறந்த நாள் தவறாமல் துணி எடுத்து அனுப்புவார். இவனோடு மட்டும் பேச்சில்லை. பத்திரிகை வைக்க ஹெப்சி போனபோது வாசலிலேயே சொல்லிவிட்டாராம், "வெக்க வேண்டியவன் வந்து வெக்கட்டும்மா" என்று. இந்தப் பக்கம் ஷர்மிளா ஒற்றைக் காலில் நிற்கிறாள், அத்தை வந்து முதல் சந்தனம் பூசாமல் நலங்குக்கு மணையில் உட்கார மாட்டேன் என்று. கல்யாணம் மே மாதம் மூன்றாம் வாரம்.

"போய் வெச்சிட்டு வாயேன்பா. இன்னா கஷ்டம்?"

"போறேன் பாய். அதுக்கு முன்னால ஒண்ணு கண்டுபிடிக்கணும்."

"இன்னாத்த?"

"கைண்ட்லின்ற சொல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சமையலறையில் என் மனைவி குர்ஷித் சிரிப்பது கேட்டது. ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்தான் அக்காவையும் தன்னையும் பிரித்தது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அதில் எனக்கும் பங்கு இருந்தது. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நாங்கள் சேர்ந்த காலத்தில் ஆபீஸ் தோல்ஷாப்புக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே தோல் பதனிடும் டிரம்கள் உருளும். மாடித் தரை நாள் முழுக்க லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். டம்ளரில் டீ ஊற்றிவைத்தால் அதில் சின்னச் சின்ன வளையம் ஓடும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு ஆறு மாதத்தில் அந்த வாடை போய்விட்டது. உண்மையில் போகவில்லை. இன்றைக்கும் மழைக்கு முன்னால் காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் எனக்கு மேஜையும் ஃபைலும் எதிரில் ஜெயகரனின் வழுக்கைத் தலையும் ஞாபகம் வந்து கண் கலங்குகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

முதலாளி முஸ்லிம் என்பதால் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு வேலை நாள். ஜெயகரன் ஞாயிறன்று அதிகாலை ஆராதனைக்குப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து சைக்கிளை மிதிப்பான். சங்கு ஊதும்போது நாற்காலியில் இருப்பான். வெள்ளிக்கிழமையில் அவனுக்கு வேலையும் இல்லை, கோவிலும் இல்லை. அதனால்தான் எங்கள் வீட்டுக்கு வரப் பழகினான். முப்பது வருஷமாக என் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் பாதி அவன் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

அவன் வேலை கடிதம் எழுதுவது. ஜெர்மனிக்கு, இத்தாலிக்கு, கல்கத்தாவுக்கு, துறைமுகத்துக்கு, கெமிக்கல் சப்ளை செய்கிறவர்களுக்கு. மேனேஜர் ஹிந்துஸ்தானியில் கத்துவார், "அந்த ஆளை உடனே சாம்பிள் அனுப்பச் சொல்லு, இல்லன்னா வேற எடத்துல வாங்கிக்கிறோம்னு சொல்லு!" ஜெயகரன் தலையாட்டிவிட்டுப் போய் டைப் அடிப்பான். கடிதத்தில் கோபம் மருந்துக்கும் இருக்காது. 'கைண்ட்லி' என்று ஆரம்பித்து சாம்பிள் கேட்கும், 'கைண்ட்லி' என்று தேதி சொல்லும், 'கைண்ட்லி' என்று முடியும். சாம்பிள் வந்துவிடும்.

டெலெக்ஸ் வந்தபோது சண்டை வந்தது. டெலெக்ஸில் வளவளவென்று எழுதக் கூடாது, தேவையில்லாத சொல்லை எல்லாம் வெட்டு என்று மேனேஜர் சொன்னார். வெட்ட வேண்டிய சொல் எது என்று எல்லாருக்கும் தெரியும். அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாத ஜெயகரன் அன்றைக்கு எழுந்து நின்றான். "சார், அது இல்லன்னா அது லெட்டர் இல்ல சார், அதிகாரம்" என்றான். கடைசியில் கே, டி, எல், ஒய் என்று நாலு எழுத்தாகச் சுருக்கிப் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதற்கே தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் மூன்றும் சேர்ந்து வந்தது போல நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தான்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் காரணம் எளிது. அவனுக்கு வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாது. கேன்டீனில் குழம்பு போதவில்லை என்றால் வெறும் சோற்றைத் தின்பான். பஸ்ஸில் தன் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் வேலூர் வரை நின்றுகொண்டே போவான். அப்படிப்பட்ட கூச்சக்காரனுக்கு அந்த ஒரு சொல் கைத்தடி மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் உலகத்திடம் எதையும் கேட்டான்.

தொண்ணூற்று நாலில் ஜெர்மனியிலிருந்து ஒரு வயதான வியாபாரி தோல் பார்க்க வந்தார். ஃபைலில் இருந்த கடிதத்தை விரலால் தொட்டு, "இந்தச் சொல்லின் முன்பாதி எங்கள் மொழியிலும் இருக்கிறது. நாங்கள் கிண்ட் என்போம். குழந்தை என்று அர்த்தம்" என்றார். ஜெயகரன் அதை டைரியில் குறித்து வைத்துக்கொண்டான். எனக்கு அன்றே மறந்துபோனது. அவனுக்கு மறக்கவில்லை.

இனி அந்தக் கடிதம்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், மழைக்காலம். ஜெயகரனின் அம்மா ரோஸ் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுக்கை. அதே சமயம் ஹெப்சிக்கு இரண்டாவது பிள்ளை தங்காமல் போய், அவளும் ஆஸ்பத்திரியில். வீட்டில் நாலு வயது ஷர்மிளா. ஆபீஸில் சீசன். இவன் விடிவதற்குள் எழுந்து அம்மாவுக்குத் துடைத்துவிட்டு, பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருவான். பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டான். ஹெலன் அக்கா அப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், குவார்ட்டர்ஸில் இருந்தார். அவர் வைத்துப் பார்த்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது. கேட்க வேண்டியது இவன்தான். கேட்க வராது.

ஒரு மத்தியானம் மூலையில் உறை போட்டுக் கிடந்த பழைய டைப்ரைட்டரை எடுத்துத் துடைத்தான். அடித்து முடித்து என்னிடம் நீட்டினான்.

"பாய், சரியா இருக்குதா பாருங்க."

கம்பெனிக் கடிதம் எப்படி இருக்குமோ அப்படியே, இங்கிலீஷில் இருந்தது. மேலே தேதி, அதன் கீழே பொருள்: அம்மா. உடல்நிலை பற்றி ஒரு பாரா. வேலூரில் அம்மாவை ஏற்றுக்கொள்ள வரும் பதினைந்தாம் தேதிக்குள் கைண்ட்லி ஏற்பாடு செய்யவும். படுக்கை தேவை, கைண்ட்லி கவனிக்கவும். கைண்ட்லி பதில் தரவும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஷிப்பிங் டாக்குமெண்ட் படிப்பதுபோல் படித்து, "வேலூரில்னு போடாதே, 'அட் யுவர் எண்ட்', உங்கள் முனையில்னு போடு. அதுதான் ஸ்டைல்" என்று சொன்னேன். அவன் திருத்தி அடித்தான். ஒரு காப்பி ஃபைலில் வைத்தான். இரண்டு படித்த கழுதைகளில் ஒன்றுக்குக் கூட அதில் என்ன தப்பு என்று தெரியவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படியே எழுதி எழுதி எங்கள் கைக்கு வேறு பாஷை மறந்துபோயிருந்தது.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாளே ஹெலன் அக்கா வேனோடு வந்தார். ஜெயகரன் ஆபீஸிலிருந்து ஓடிப் போனான். நானும் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று கூடப் போனேன். அக்கா நேராகக் கட்டிலுக்குப் போனார். அம்மாவை வேனில் படுக்கவைத்து, தலையணையைச் சரிசெய்து, கதவைச் சாத்துவதற்கு முன்னால் தம்பியைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். "சரக்கு வந்து சேந்துச்சுன்னு எழுதிப் போடறேன்." சொன்னபடியே மூன்றாம் நாள் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. நல்ல நிலையில் கிடைத்தது, ஹெலன் என்று இங்கிலீஷில் ஒரே வரி.

அவ்வளவுதான். ரோஸ் அம்மா அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். ஜெயகரன் மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை வேலூர் போவான், அக்கா டியூட்டியில் இருக்கிற நேரமாகப் பார்த்து. திரும்பி வந்து என்னிடம் சொல்வான், "அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு பாய். எப்பப் போனாலும் 'கூட்டிட்டுப் போக வந்தியாடா?'ன்னே கேக்குது." அடக்கத்தின்போது கல்லறையில் இவன் வெளியாட்களோடு நின்றான். அக்கா ஏறிட்டுப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. 'உங்கள் முனையில்' என்னுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது போலத்தான் எனக்கு இருந்தது.

ரிட்டயர் ஆன பிறகு, காயலான் கடை மஹபூப் பாஷாவிடம் ஜெயகரனுக்கு ஒரு பழைய அகராதி கிடைத்தது. ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று சொல்கிற அகராதி. அட்டை இல்லை, பின்பாதி இல்லை. எடைக்கு வந்த பள்ளிக்கூடப் புத்தகங்களோடு வந்தது. இவனுக்கு வேண்டிய பக்கம் பிழைத்திருந்தது. கூடவே மகள் வாங்கிக் கொடுத்த செல்போன். போதாதா? ஆறு வருஷமாக அப்பப்போ புரட்டிக்கொண்டிருந்தவன், அக்கா பத்திரிகையைத் திருப்பி அனுப்பியதும் பேய் பிடித்தவன்போல் அதில் இறங்கிவிட்டான். வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்து, எந்த ஊர் வரை போய்ச் சேர்ந்தான் என்று எனக்கு ரிப்போர்ட்.

முதல் வாரம் பழைய இங்கிலாந்து. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தச் சொல் யெகுண்டலீச்செ என்பதுபோல் ஏதோ இருந்ததாம். அவன் சொல்லிக் காட்டியபோது குர்ஷித் தும்மல் என்று நினைத்து, "கஷாயம் போட்டுத் தரட்டுமாண்ணா?" என்று கேட்டாள்.

"அதுக்கு அர்த்தம் தயவுன்னு இல்ல பாய். 'இயல்பா, பொறப்புப்படி'ன்னுதான் அர்த்தம். சொந்தக்காரன் சொந்தக்காரன்கிட்ட எப்படி இருப்பானோ அப்படி. தயவு, பணிவு எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது."

"கடைசில வர்ற 'லி'?"

"அது இன்னொரு தனிச் சொல்லு. லீச். உடம்புன்னு அர்த்தம். உருவம்."

இரண்டாம் வாரம் ஜெர்மனி. கிழவர் சொன்ன கிண்ட் இதற்குத் தூரத்து உறவுதான் என்று கண்டுபிடித்த அன்று பழைய டைரியையே கொண்டுவந்து காட்டினான். உறவு, குலம் என்பதற்கு இங்கிலீஷில் இருக்கிற கின் என்ற சொல் இதற்குக் கூடப்பிறந்த மாதிரியாம். மூன்றாம் வாரம் ரோமாபுரி. லத்தீனில் கெனுஸ், கிரேக்கத்தில் கெனோஸ். எல்லாம் பிறப்பு, குலம், இனம். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ருசி தட்டியது, மறுக்க மாட்டேன். பழைய ஆபீஸ் நாட்கள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. எதிரெதிரே நாற்காலி, நடுவில் காகிதம், குர்ஷித்தின் டீ. நாலாம் வாரம் பாரசீகம்.

"பார்சில 'ஜாதன்'னு ஒரு சொல்லு இருக்குதாம். பொறக்கறது. அதுவும் இதே வேருதானாம். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துவிட்டது. "தெரியுமாவா? ஷாஜாதா! நவாப்ஜாதா! அந்த ஜாதா தானே? ராஜாவுக்குப் பொறந்தவன், நவாப்புக்குப் பொறந்தவன்!"

"ஆமா. அதேதான்."

"அப்போ நம்ம மேனேஜர் தோல்ஷாப்புல நாள் முழுக்க ஒருத்தனையும் விடாம ஹராம் போட்டு ஒரு ஜாதா சொல்லித் திட்டுவாரே…"

"அதுவும் சொந்தம்தான்" என்றான் ஜெயகரன் முகம் சிவந்து. அவர் வாயில் வந்த வசையும் இவன் கையில் வந்த கைண்ட்லியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்து நினைத்து அன்றைக்கு இரண்டு கிழவன்களும் புரையேறும்வரை சிரித்தோம்.

ஐந்தாம் வாரம் சமஸ்கிருதம். ஜன் என்றால் பிறப்பது. அங்கிருந்துதான் நம் ஜனனம், ஜென்மம், ஜனம் எல்லாம். இதற்கும் பின்னால் ஒரு மூலச் சொல் இருந்ததாம். அதை அகராதியில் நட்சத்திரக் குறி போட்டு எழுதியிருந்தார்கள்.

"நட்சத்திரம் எதுக்கு?"

"யாரும் எங்கயும் எழுதி வெக்கலன்னு அர்த்தம். பார்த்தவங்க இல்ல. ஆனா புள்ளைங்க முகத்தைப் பார்த்தா இப்படி ஒரு தாய் இருந்திருக்கணும்னு தெரியுது. அதுக்கு நட்சத்திரம்."

சொல்லிவிட்டு அகராதியை மூடி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "எங்கம்மா 'நம்ம சனம், நம்ம சனம்'னு சொல்லும் பாய். சனம் வந்திருக்குது, சோறு வடிடான்னு. நான் அதைத்தான் இங்கிலீஷ்ல எழுதிட்டிருந்திருக்கேன், முப்பது வருஷமா" என்றான்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் காலண்டரையும் பார்த்தேன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"சரி, கண்டுபிடிச்சாச்சு. எப்பப் போறே?"

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "இத முதல்ல போஸ்ட்ல அனுப்பிட்டு, அக்கா படிச்ச பிறகு போலாம்னு…"

வாங்கிப் பார்த்தேன். மேலே தேதி. அதன் கீழே பொருள்: கைண்ட்லி என்ற சொல்லின் தோற்றம் குறித்து. இரண்டு பக்கம், வரிசை எண் போட்டு, கடைசியில் பத்திரிகை இணைக்கப்பட்டுள்ளது என்று.

எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. குறுக்கே கிழித்தேன், நெடுக்கே கிழித்தேன், குர்ஷித் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னொரு லெட்டராயா? புத்தி இருக்குதா ஒனக்கு? குடியாத்தம் ஒரு மணி நேரம். நீ ஆயிரம் வருஷம் சுத்திக்கிட்டுப் போறே. ரோமாபுரி போனே, பாரசீகம் போனே, அக்கா வீட்டுக்குப் போவ காலு வரல! உடம்புன்னு அந்தச் சொல்லுலயே இருக்குதுன்னு நீதானே சொன்னே? உடம்பை எடுத்துக்கிட்டுப் போய்யா!"

ஜெயகரன் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தான். "எனக்குக் கேக்க வராது பாய்" என்றான். அது பொய் இல்லை. அறுபத்தாறு வயது ஆளின் முகம் அந்த நேரத்தில் மழையில் நனைந்த பிள்ளையின் முகமாக இருந்தது.

"நானும் வர்றேன். அந்த லெட்டர்ல பாதி என்னுது. எழுந்திரு."

வழியில் தட்டு, பழம், பூ, வெற்றிலை வாங்கினோம். பஸ்ஸில் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். மடியில் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதடு அசைய எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். எந்த மொழியில் என்று தெரியவில்லை.

ஹெலன் அக்கா வீடு பவர்லூம் ஓடுகிற சந்தில் இருந்தது. புருஷன் ரயில்வேயில் இருந்து இறந்துபோனவர். ஒரே மகன் சென்னையில். அக்கா தனியாகத்தான் இருந்தார். கதவைத் திறந்தவர் எழுபத்திரண்டு வயதிலும் நர்ஸ்போல் நிமிர்ந்தே நின்றார். முட்டிதான் கொஞ்சம் வளைந்திருந்தது. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தட்டை, கடைசியில் தம்பியை. வழிவிட்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

ஜெயகரன் வாயைத் திறந்தான். தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நான் முனீர். 'உங்கள் முனையில்'னு எழுதச் சொன்னது நான். அவன் வேலூர்னுதான் எழுதியிருந்தான். என்னைத் திட்டுங்க."

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எந்த முனை?"

"அந்த லெட்டர்ல, அக்கா."

"லெட்டரா?" என்றார் அக்கா. "பாய், நானு முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரில வேலை செஞ்சவ. எங்க டாக்டருங்களும் அதே கைண்ட்லி, அதே இழவுதான் எழுதுவாங்க. எழுத்துல இன்னா இருக்குது? அம்மா இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கா. இவன் பஸ் ஏறி வரல. தபால் போட்டான். அம்பது கிலோமீட்டருக்குத் தபால்."

ஜெயகரன் தட்டைப் பிடித்தபடியே நின்றான்.

"அன்னிக்கு வேன்ல ஏத்தினதும் அம்மா கேட்டுச்சு, தம்பி இன்னாம்மா எழுதியிருக்கான், படிச்சிக் காட்டுன்னு. அதுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் இன்னா பண்ணுவேன்? தமிழ்ல படிச்சேன். 'அக்கா, அம்மாவைக் கொஞ்ச நாளு பாத்துக்கோ. அக்கா, அதுக்குக் குளிரு தாங்காது, நல்ல படுக்கையா போடு. அக்கா, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.' அந்தச் சொல்லு வந்த எடத்துல எல்லாம் அக்கான்னு போட்டுப் படிச்சேன். மூணு எடத்துல வந்துச்சு."

'அக்கா' அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லாத சொல். ஜெயகரனின் அகராதியில் அப்படிப்பட்ட சொற்களுக்கு நட்சத்திரம் போட்டிருக்கும். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அதை யோசிக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அப்போ… அம்மா 'கூட்டிட்டுப் போக வந்தியாடா'ன்னு கேட்டது…"

"பின்ன? நீ எழுதியிருந்தியே. நாலு வருஷமும் நம்புச்சு. மூட்டை கட்டி கட்டிலுக்கு அடியில வெச்சிருந்துச்சு. பொய் சொன்னவ நானு. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஒன்கிட்ட பேசறது?"

இருபத்திரண்டு வருஷமாக அவர் கோபமாக இருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தட்டு சாய்ந்து ஒரு ஆரஞ்சு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. யாரும் எடுக்கவில்லை. ஜெயகரன் தட்டைக் கீழே வைத்தான். பத்திரிகையை எடுக்கவில்லை. இரண்டு கையும் காலியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயைத் திறந்து கேட்டான்.

"அக்கா. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

ஹெலன் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜெயகரன் பக்கத்தில் போய் நின்றான். தொடத் தெரியாமல் நின்றான். பிறகு தொட்டான். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தேன். என் கண்ணாடி மங்கிப்போய் தேதி தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் குரலில் கேட்டார், "நலங்கு என்னிக்கு?"

"இன்னும் எட்டு நாள் இருக்குது அக்கா."

"எட்டு நாளைக்குத் துணி எடுத்து வெக்கணும். மாத்திரை எடுக்கணும். பாய், நீங்க உக்காருங்க, இன்னா நின்னுக்கிட்டே இருக்கீங்க? டேய், அந்த ஆரஞ்சை எடு."

சாயந்திரம் ஐந்தே கால் பஸ்ஸில் மூன்று பேரும் ஆம்பூர் திரும்பினோம். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பெரிய பை ஒன்று, அதை மேலே வைக்க வேண்டாம் என்று ஜெயகரன் மடியிலேயே வைத்துக்கொண்டான். வழியில் எங்களுக்கு முன்னால் இருந்த சீட்டின் ஜன்னல் திறந்து காற்று அக்கா முகத்தில் அடித்தது. ஜெயகரன் எட்டி முன்சீட்டு ஆளின் தோளைத் தட்டினான்.

"ஏம்பா, அந்த ஜன்னலைச் சாத்து. எங்கக்காவுக்குக் காத்து ஆவாது" என்றான்.